தப்புக் கூடையில் போட்ட டேக்

திங்கள். மழை இல்லை, புழுக்கம்.

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். சீரியல் டாக்டருக்கும் இன்ஸ்பெக்டரம்மாவுக்கும் யாரோ எழுதிய கல்யாணக் கதையை மூன்றாம் தடவையாகப் படித்தேன். சாம்பாரில் இரண்டு தரம் உப்பு. வீட்டுக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

ஃபால்ஸ் தைத்தது நாலு புடவை. ஃபோனில் டேக் பிரித்தது அறுபது.

சம்பளம் இல்லாமல் ஃபோனில் அப்படி என்ன வேலை என்றார். சொன்னேன். சீரியல் ரசிகர்கள் ஒரு இணையதளத்தில் கதை எழுதி, மேலே இஷ்டத்துக்கு டேக், அதாவது அடையாளச் சீட்டு, ஒட்டுவார்கள். 'டாக்டர் இன்ஸ் லவ்', 'ஐயோ இந்த ஜோடி'. அதில் நாம் கை வைக்கக் கூடாது. ஒரே அர்த்தம் உள்ளதைப் பின்னால் ஒரே கூடையில் சேர்த்துவிட்டால் தேடுகிறவருக்கு மொத்தமும் கிடைக்கும். பிடிக்காதவர் அந்தக் கூடையையே மறைத்துக்கொள்ளலாம்.

"யார்டுல வேகன் பிரிக்கற மாதிரி" என்றார். ரயில்வேக்காரர் புத்தி.

எட்டாவது ஃபெயில் எனக்கு இந்த உத்தியோகம். நினைத்தால் சிரிப்பு.

செவ்வாய். புழுக்கம்.

சிரிப்பு போச்சு.

எங்கள் லீடர் பவித்ரா, எடமலைப்பட்டி புதூர்ப் பெண், காலையிலேயே ஃபோன். "அக்கா, குட்டிப்பாப்பான்னு ஆரம்பிச்சதை எல்லாம் ஒரேயடியா டிக் பண்ணிட்டீங்களா?"

பண்ணினேன். பதினாலு டேக். எல்லாம் 'குழந்தை பிறப்பு' கூடைக்கு. அதில் ஒன்றைக் கடைசி வரை படிக்கவில்லை. 'குட்டிப்பாப்பா பிழைக்காது, முன்னாடியே சொல்லிட்டேன்.' அது 'குழந்தை இழப்பு' கூடைக்குப் போக வேண்டியது. சுமதி மறைத்து வைத்திருக்கும் ஒரே கூடை.

சுமதி துவாக்குடியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள். இந்த சீரியல் டேக்கை நானும் அவளும் வாரம் மாற்றி வாரம், புதனுக்குப் புதன், பிரிக்கிறோம். போன வருஷம் பெண் பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. அதிலிருந்து பாப்பா வரும் கதை எதையும் தொடாதவள். ஞாயிறு நான்தான் ஏற்றிவிட்டேன். "படிடீ, ஒண்ணும் ஆகாது. பிறப்புக் கூடை நான் பிரிச்சது."

என்னை நம்பி, மேலே இருந்த டேக்கைப் பார்க்காமல் நேற்று திறந்திருக்கிறாளாம், பவித்ரா சொன்னாள். அந்தக் கதையை.

கூடையைச் சரி செய்தேன். அரை நிமிஷ வேலை.

புதன்.

சுமதிக்கு ஃபோன் ஒன்பது தடவை. எடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறித் துவாக்குடி. மெஸ் வாசலில் அவள் வீட்டுக்காரர், கையில் கரண்டி.

"அவ யாரையும் பாக்கற நிலைமையில இல்லீங்க. இன்னிக்கு சமையலும் நான்தான்."

நான் சும்மா வந்திருக்கலாம். பாவம் பிள்ளைகள், உங்கள் சமையலா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வாய்.

வரும் வழியெல்லாம் அழுகை. ஜன்னல் சீட், நல்ல வேளை.

வியாழன். லேசான தூறல்.

புடவை எல்லாம் அப்படியே. என்னிடம் இனி பேசவே மாட்டாளோ.

பவித்ரா சொல்கிறாள்: இது சுமதி முறை வாரம், முறையை விட்டுக்கொடுக்கவில்லையாம், காலையில் வந்து டேக் பிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியென்றால் தளத்தைப் பார்க்கிறாள்.

யோசனை: குட்டிக் கதை ஒன்று அங்கே போடுவது. டாக்டர் காபி போடுகிறார், அவ்வளவுதான், யாரும் சாகவில்லை. கதைக்கு முன்னால் குறிப்பு எழுதும் பெட்டியில் சுமதிக்கு மன்னிப்பு.

வெள்ளி. வெயில்.

போட்டாயிற்று. மன்னிப்பை வரி வரியாக, ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டி எழுதினேன். குறிப்புப் பெட்டி என்று நினைத்தது டேக் பெட்டி. அங்கே ஒரு என்டருக்கு ஒரு டேக். 'சுமதி நான் படிக்காமல் டிக் பண்ணினேன்' ஒன்று. 'உன் வீட்டுக்காரரிடம் வேறு பல்லைக் காட்டினேன்' ஒன்று. 'ஒரு தடவை திட்டவாவது திட்டு' ஒன்று. மொத்தம் பதினேழு. எல்லாம் பிரிக்க வேண்டிய வரிசையில் நிற்கின்றன. பிரிக்க வேண்டியவர் என்ற இடத்தில் சுமதி பெயர் இருக்கிறது.