வல்லிநாயகத்துக்குப் போட்ட டீ

ஜூன் 18, 2024
குற்றாலத்தில் டிவி தொடர் எடுக்க வந்திருக்கிற குழுவுக்கு இன்று முதல் நான்தான் சமையல். லஞ்சம் வாங்குகிற போலீஸ், அதைத் தட்டிக்கேட்டவனைக் கொன்றுவிடுகிற கதையாம். என்னிடம் வந்து கதை சொல்லுகிறார்கள்.

ஜூன் 20
அவன் வந்திருக்கிறான். வல்லிநாயகம். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். போலீஸ் எப்படி நடக்கும், எப்படி அடிக்கும் என்று நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அழைத்திருக்கிறார்கள். என் கையால் டீ வாங்கிக் குடித்தான். ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நின்ற என் முகம் அவனுக்கு ஞாபகமில்லை.

என் வீட்டுக்காரர் முத்துச்செல்வம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டியவர். இவன் இங்கே இன்ஸ்பெக்டராக இருந்தபோது ரேஷன் அரிசி கடத்தும் லாரிகளிடம் மாமூல் வாங்குவதைப் புகார் செய்தார். விசாரணை என்று கூட்டிப்போனார்கள். மறுநாள், அருவியில் வழுக்கி விழுந்து செத்தார் என்றார்கள். அருவிக்கு அவரு எதுக்குப் போவாரு? தண்ணின்னாலே பயம் அவருக்கு — யாரு கேட்டா?

ஜூன் 21
பூச்சி மருந்து வாங்கியாச்சு.

ஜூன் 23
அவன் டீயில் கலந்துவிட்டேன். டம்ளரோடு போனபோது அவன் நடிகரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தான்: “இப்படி அடிச்சா காயம் தெரியும்லே. கம்புல ஈரச் சாக்கைச் சுத்தி அடிக்கணும். செத்துட்டா அருவியில போடு, வழுக்கி விழுந்த கேஸ். ஒரு டெம்போக்காரனை அப்படித்தான் முடிச்சோம்.”

டீயை மண்ணில் கொட்டினேன். இவன் இப்ப செத்தா நல்லவனாச் செத்துருவான். மாலை போடுவானுவ. ஆகாது.

ஒலிப்பதிவு செய்யும் மசூது, கடையநல்லூர்க்காரர், “டீயில ஈ விழுந்துட்டாக்கா?” என்றார்.

“தம்பி, அவன் சொன்னது பதிஞ்சிருக்கா?”

“சட்டையில மைக் மாட்டித்தானே நிக்காரு. எல்லாம் பதிஞ்சிருக்கு. ஏங்க்கா?”

“அந்த டெம்போக்காரன் எம் வீட்டுக்காரருப்பா.”

காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

ஜூன் 25
பதிந்ததை வெளியே கொடுக்க வேண்டாம் என்று டைரக்டர் சொன்னாராம். வேலை போனாலும் போகட்டும் என்று மசூது பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் நல்லா இருக்கணும். வக்கீல் ஸ்ரீமதி அதைப் போட்டுக் கேட்டார். ஐகோர்ட்டில் மனுப் போடுகிறோம்.

ஆகஸ்ட் 9
போனில் அவனே பேசினான். “ஏட்டி, டீ ஊத்துதவளுக்கு இம்புட்டுத் திமிரா?”

“முத்துச்செல்வம் பொண்டாட்டி சங்கரேஸ்வரி பேசுதேன். இனிமே பேரை மறக்கமாட்டேல்லா?” என்றேன்.

வைத்துவிட்டான். பயந்திருக்கான்! அப்புறம்தான் எழுந்து வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

நவம்பர் 14
அவனை அரெஸ்ட் செய்துவிட்டார்கள். இன்று தூங்குவேன்.

பிப்ரவரி 6, 2025
தென்காசி கோர்ட். ஜெயிலிலிருந்து கொண்டுவந்தார்கள். தாடி நரைத்திருந்தது. டவாலி வாசலில் நின்று அவன் பேரை மொட்டையாக மூன்று தடவை கூப்பிட்டார். “இருக்கேங்கய்யா” என்று கைகட்டிக் கூண்டில் ஏறினான்.

முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். போதவில்லை.

அடுத்த வாய்தாவுக்குக் காலையிலேயே போய் அதே இடத்தைப் பிடிக்க வேண்டும்.