பதினான்காம் எடுத்துக்காட்டு

அண்ணனுக்கு,

‘அன்புள்ள’ என்று போட மனம் வரவில்லை.

அன்றாடப் பேச்சை வகைபிரித்து நீ எழுதிய ஆய்வேட்டைப் படித்தேன். பதினான்காம் எடுத்துக்காட்டு, அப்பா கடைசியாக உன்னிடம் போனில் சொன்னது: “ஏலே, இன்னைக்குக் காத்து சரியில்ல.” பக்கத்தில் ‘தகவல்’ என்று எழுதியிருக்கிறாய்.

தகவலா அது? சங்கு குளிக்கப் போகிறவர், சென்னையில் இருக்கும் உனக்கு எதற்குக் காற்றைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டும்? நானும் அம்மாவும் தடுத்தோம், கேட்கவில்லை. உன் பேச்சைத் தட்டமாட்டார். “போவாதீங்கப்பா” என்று நீ சொல்வாய் என எதிர்பார்த்தார். நீ போனை வைத்த பிறகும் காதில் வைத்தபடியே நின்றார். அப்புறம்தான் வள்ளத்தில் ஏறினார்.

அப்பாவின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வரும்போது இந்த ஆய்வேட்டை அம்மாவிடம் காட்டிவிடாதே.

நீ பதிலுக்குச் சொன்ன “சரிப்பா, வைக்கேன்” உன் பட்டியலில் எங்குமே இல்லை. அது எந்த வகை?

உன் தங்கை