நன்றியுள்ள பணிப்பெண்

டெல்லி,
செவ்வாய் இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். முதுகுவலி தேவலையா? நம் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நல்ல சுகம்.

ராஜபாளையத்தில் பி.ஏ. படித்தபோது, ஒரு பழைய ஆங்கில நாடகத்திலிருந்து ‘பணிப்பெண்ணின் நன்றியுணர்வை விளக்குக’ என்று பரீட்சையில் கேட்டார்கள். நான்கு பக்கம் எழுதினேன், நல்ல மார்க். இப்போது அதே புத்தகத்தைத்தான் மறுபதிப்புக்காகத் திருத்துகிறேன். லண்டன் பதிப்போடு ஒப்பிட்டால், “ஒத்துக்கொண்ட காலம் முடிந்தது, கதவைத் திற, வீட்டுக்குப் போகிறேன்” என்று அவள் எஜமானிடம் சண்டைபோடும் காட்சி அதில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியக் கல்லூரிகளுக்கென்று அச்சிட்டவர் அதை வெட்டிவிட்டார். இங்குள்ள மாணவர்களுக்கு அது ஆகாதென்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்.

நான் காட்சியைச் சேர்த்தேன். பதிப்பக மேனேஜர் திருநெல்வேலிக்காரர், சிரித்தார். “ஏம்மா, அந்தக் கேள்வி வருசா வருசம் வருது. செத்தவன் வெட்டுனத நீ எதுக்கு ஒட்டுத? எடுத்துட்டு ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போ” என்றார். எடுக்காவிட்டால் லீவு கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வருகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். வெட்டினாலோ, பதிப்பாசிரியர் என்று இந்த முறை என் பெயர் அச்சாகும், வெட்டியது நான் என்றாகிவிடும். வேலையை உதறவும் வழியில்லை, இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். கூடவே பாப்பா போட்ட சட்டை ஒன்று, துவைக்காமல்.

அடுத்த வெள்ளிக்குள் பக்கங்களைக் கொடுக்க வேண்டும். வெட்டவா, வேண்டாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

பானுப்பிரியா