கடைசியில் போட வேண்டிய கோடு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே மூவரும் நலம், அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர. அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் நலம்தானா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். என் கையெழுத்து பலகையில் அளவு குறிக்கத்தான் லாயக்கு என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் இவளை உட்கார வைத்தேன். நான் பேசுவதையெல்லாம் இவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். "நீங்க சொல்றத அப்படியே எழுதினா அண்ணன் சிரிப்பான்ப்பா" என்கிறாள். நீ சிரித்தால் நல்லதுதான். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு ஜன்னல் முடித்துக் கொடுத்தோம். அம்மா உன் அறையைத் தவறாமல் பெருக்குகிறாள். யாரும் கேட்காமலே "தூசி படியுதுல்ல" என்று காரணமும் சொல்லிக்கொள்கிறாள்.

குழந்தை பிறந்தபோது மருமகள் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. உளிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அதன் கடைசியில் அவள் தன் மொழியில் ஒரே ஓர் எழுத்து எழுதியிருந்தாள், பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி மாதிரி. உன் தங்கை ஏதோ தேடப் போய் அதைக் கண்டுபிடித்து, நூலகத்திலிருந்து சீன எழுத்துப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குத் 'திரும்பி வருவது' என்று பொருள் என்று சொன்னாள். அதோடு விட்டாளா, கட்டம் போட்ட நோட்டு வாங்கி என் வேலைமேசையிலேயே உட்கார்ந்து எழுதிப் பழகினாள். எந்தக் கோடு முதலில், எது அடுத்தது என்று முறை உண்டாம். "பொட்டிக்குள்ள பொட்டி, இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்று பென்சிலை வாங்கி நானே போட்டேன். தொழில் புத்தி, முதலில் வெளிச்சட்டத்தை நான்கு பக்கமும் மூட்டிவிட்டு, பிறகு உள்ளே சின்னது. தப்பு என்றாள். "மூலைமட்டம் வெச்சுப் பாரு, நாலு மூலையும் நறுக்குன்னு இருக்கு, எங்கடி தப்பு?" என்றேன். நான் கோடு கோடாக எழுதுவதை இவள் கைப்பேசியில் வீடியோ எடுத்து மருமகளுக்கு அனுப்பிவிட்டாள், எனக்குத் தெரியாமல்.

மறுநாள் அதே கைப்பேசியில் மருமகளின் குரல் வந்தது. தட்டுத் தடுமாறித் தமிழில், சிரித்துக்கொண்டே, "மாமா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஆளு உள்ள வர்றதுக்கு முன்னாடியே கதவ சாத்திட்டீங்களே" என்றாள். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. அவர்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்களாம், உள்ளே இருக்க வேண்டியதை எழுதிவிட்டு வெளிப்பெட்டியின் கீழ்க்கோட்டைக் கடைசியில் போடு, ஆள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்து என்று. இவள் புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. மருமகள் குத்திக்காட்டவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் பெட்டியோடு வாசலில் நின்றபோது, என் கையால் செய்த கதவை என் கையாலேயே சாத்தினேன். "எங்களக் கேக்காம கட்டிக்கிட்டவனுக்கு இங்க என்ன வேலை?" என்று உள்ளிருந்து கத்தினேன். நீ ஒரே ஒரு தடவைதான் தட்டினாய். பெட்டியின் சக்கரச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, நல்ல பலகை ஒன்றைத் தப்பாக அறுத்தேன்.

அப்புறம் நோட்டை நானே எடுத்தேன். மொத்தம் ஆறு கோடு. கை கேட்கவில்லை, நாற்பது வருஷப் பழக்கம், நாலாவது பக்கத்தை மூடத்தான் ஓடுகிறது. "கீழ்க்கோடு கடைசிப்பா, கடைசி!" என்று வாத்தியாரம்மா பக்கத்தில் நின்று மிரட்டுகிறாள். முப்பது பக்கம் ஆயிற்று. தவறு என்னுடையது. இதைச் சொன்னதும் இவள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதடி என்றேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம், வற்புறுத்த எனக்கு வாயில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது கைப்பேசியைப் பார்க்காதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. இந்தக் கடிதத்தை மருமகளுக்கு நீயே வாசித்துக் காட்டு, கதவைச் சாத்திய இடத்தை விட்டுவிடாதே.

கீழே இருக்கும் எழுத்து என் கையால் எழுதியது. ஐந்து கோடுதான் இருக்கும், மறதி இல்லை. நீங்கள் மூவரும் உள்ளே வந்த பிறகு ஆறாவதை மருமகள் போடட்டும். வந்தால், மறக்காமல் இந்தத் தாளைக் கையோடு கொண்டு வா.

நோய் நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இருங்கள் மூவரும்.

உன் அப்பா

அண்ணா, இது மட்டும் அப்பா சொல்லாதது. ஐந்தாவது கோடு முடிந்ததும் அவர் கை தானாகவே கீழே போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

எழுதிய தங்கை