அமாவாசை அன்று ஓட்டிய டெஸ்ட்

மார்ச் 14, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கிரைண்டர் மோட்டார் ரிப்பேர். இதோ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. மாவு அரைக்க வேண்டும்.

தணிகாசலம் சார் ஆபீஸில் சேர்ந்து இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மூன்று மாதம் பார்க்கலாம், பிடித்தால் நிரந்தரம் என்று பேச்சு. பிடிக்காவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்னைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பத்துமூன்று வயதில், சொந்த ஊரில், ஸ்கூட்டியில் பத்து நிமிட தூரத்தில் கம்ப்யூட்டர் வேலை. இதுவும் போனால் அவ்வளவுதான். தினமும் மாடிப்படி ஏறும்போது இதே நினைப்பு.

வேலை இது. பட்டுப்புடவை டிசைனை நாங்கள் ஃபைலாக மாற்றித் தருவோம். தறிக்கு மேலே இருக்கும் ஜக்காடுப் பெட்டி அதைப் படித்து, எந்த நூலை எப்போது தூக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். மாற்றுகிற புரோகிராம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில். அது தப்புப் பண்ணுகிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுதுவது நான்.

தொல்லை என்னவென்றால், டெஸ்ட் என் மெஷினில் ஓடுகிறது, சேலத்தில் இருந்துகொண்டே எங்களுக்கு வேலை செய்யும் முரளி மெஷினில் ஓடவில்லை. “அக்கா, எனக்கு ஒரே செவப்பா வருது” என்று தினமும் போன். டெஸ்ட் தேறினால் திரையில் பச்சை, தோற்றால் சிவப்பு. கன்டெய்னர் போட்டுவிடலாம் சார் என்று நானே வாயை விட்டேன்.

வீட்டுக்காரர் ரங்கனுக்கு விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கேள்வி கேட்காமல் விடமாட்டார். கன்டெய்னர் என்றால் கம்ப்யூட்டருக்குள் ஒரு பூட்டின அறை மாதிரி, எந்த மெஷினில் வைத்தாலும் அதே அறை, உள்ளே எதைக் கொட்டினாலும் வெளியே சிந்தாது, வேலை முடிந்ததும் அறையையே அழித்துவிடலாம் என்றேன்.

“நம்ம ஸ்டோர் ரூமுக்கும் ஒண்ணு போடேன்.”

மார்ச் 16, திங்கள்

புழுக்கம். இரண்டு தடவை கரன்ட் போயிற்று, இரண்டு தடவையும் பாதி டவுன்லோடில்.

- பைத்தான் வெர்ஷன்: என்னிடம் ஒன்று, முரளியிடம் ஒன்று. பழையதையே போட்டாயிற்று.
- டிசைனைப் படிக்கும் துணைப் புரோகிராம் கன்டெய்னருக்குள் ஏறவில்லை. மூன்று மணி நேரம்.
- ஏறியது. ஏன் என்று தெரியவில்லை. தொடப் போவதில்லை.
- மோட்டார் ஆள்: நாளைக்காம்.

த.சார் மாடிக்கு வந்து பின்னால் நின்றார். நின்றுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் டைப் அடித்ததெல்லாம் தப்பு.

மார்ச் 17, செவ்வாய்

முரளி மெஷினில் கன்டெய்னர் திறந்துகொண்டது. “அக்கா, சூப்பர்க்கா.” சந்தோஷம் ஐந்து நிமிடம். உள்ளே டிசைன் ஒன்றுகூட இல்லை. எதை வைத்து டெஸ்ட் ஓட்டுவது? டிசைன்களைக் காப்பி எடுத்து உள்ளே வைக்கலாம் என்றால் என் டிஸ்கில் இடம் இல்லை.

த.சார்: “நாளைக்குள்ள முடிச்சுடுங்க மேடம். எனக்குக் கண்ணால பார்க்கணும்.”

ஆபீஸில் ‘அனுப்ப’ என்று ஒரு ஃபோல்டர். முடிந்த டிசைன் எல்லாம் அதில். கீழே கவுண்டரில் நெசவுக்காரர்கள் பென் டிரைவில் எடுத்துப் போவது அதிலிருந்துதான். காப்பி எடுக்காமல், அந்த ஃபோல்டரையே நேராகக் கன்டெய்னருக்குள் இழுத்துக் கட்டிவிட்டேன். முரளிக்கும் நெட் வழியாக அதே ஃபோல்டர். செய்யக் கூடாதது. தெரியும். ஆனால் நாளை அமாவாசை. ஊரில் ஒரு தறியும் ஓடாது, ஃபோல்டரை யாரும் தொடமாட்டார்கள். ஓட்டிக் காட்டிவிட்டு அவிழ்த்துவிடலாம். நாளை ஒரு நாள் மட்டும்.

மார்ச் 18, புதன். அமாவாசை

ரங்கன் தர்ப்பணம் முடிக்கும் வரை அடுப்படியில். வாழைக்காய்க் கறி, பாசிப்பருப்புப் பாயசம். ஆபீஸ் போக பத்தரை. வழியில் தறிச் சத்தமே இல்லை. தெருவே காது அடைத்த மாதிரி.

பதினொரு மணிக்கு ஓட்டினேன். எல்லாம் பச்சை. முரளியும் ஓட்டினான், பச்சை. த.சார் பார்த்தார். “ம். நல்லாருக்குது” என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை. சாப்பாட்டு நேரத்தில் பாயசத்தை நானே குடித்து முடித்தேன்.

மூன்று மணிக்கு எதற்கோ ‘அனுப்ப’ ஃபோல்டரைத் திறந்தேன். அன்னம் பார்டரைத் திறந்து பார்த்தேன். அன்னத்துக்குத் தலை இல்லை.

ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. என் டெஸ்டில் ஒன்று, வேண்டுமென்றே மூன்று டிசைன்களின் மேல் வரிகளை வெட்டி, அதே பெயரில் சேமித்து, புரோகிராம் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கும். பூட்டின அறைக்குள் எத்தனை தலை வெட்டினாலும் கவலை இல்லை, அறையோடு போய்விடும். ஆனால் நான் உள்ளே கட்டி வைத்தது நிஜ ஃபோல்டர். கன்டெய்னர் போய்விட்டது, வெட்டு தங்கிவிட்டது.

பேக்கப்பிலிருந்து மூன்றையும் பழையபடி வைத்தேன். ஃபோல்டரை அவிழ்த்தேன். கால் மணி நேரம்தான். பாஸ்வேர்டை நான்கு தடவை தப்பாகப் போட்டேன். அமாவாசையாகப் போனது என் நல்ல நேரம். யாருக்கும் தெரியாது.

மார்ச் 19, வியாழன்

கவுண்டர் பார்க்கும் தேவகி காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“நேத்து ஒரே கூட்டம் மேடம். குனிஞ்சு குனிஞ்சு டிசைன் காப்பி போட்டுக் குடுத்தே கழுத்து போச்சு.”

“நேத்தா? அமாவாசைக்கா?”

“அமாவாசைக்குத்தானே வருவாங்க. மத்த நாள்ல தறிய உட்டுட்டு யாரு வருவாங்க? லீவு அன்னிக்குத்தான் டிசைன் எடுக்க, ஜரிகை எடுக்க, எல்லாம்.”

பிறந்து வளர்ந்தது சின்ன காஞ்சிபுரம். தறி நிற்கும் என்று தெரிந்த எனக்கு, தறி நின்றால் ஆட்கள் எங்கே போவார்கள் என்று யோசிக்கத் தெரியவில்லை. நெசவுத் தெரு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வெட்கம்கூட இரண்டாவதுதான். முதலில் பயம்.

கவுண்டர் நோட்டைப் புரட்டினேன், ஏதோ சரிபார்ப்பது போல. பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் ஏழு பேர். ஆறு பேர் எடுத்தது வெட்டுப்படாத வேறு டிசைன். ஒரே ஒரு பெயர். செல்வி, ஓரிக்கை. 11.40. அன்னம் பார்டர். பக்கத்தில் தேவகியின் கோழிக் கிறுக்கலில்: கல்யாணப் புடவை, அவசரம்.

போன் நம்பரும் இருந்தது. கையில் எழுதிக்கொண்டேன். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்றால்:

- ஒருவேளை இன்னும் தறியில் ஏற்றியிருக்க மாட்டாள்.
- ஒருவேளை பார்த்ததுமே நிறுத்தியிருப்பாள்.
- கூப்பிட்டால் த.சாருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் உண்மை. முதல் இரண்டும் அதை மறைக்க எழுதியது.

பன்னிரண்டரைக்குக் கீழே த.சார் போனில் கத்துவது மாடி வரை கேட்டது. “ஒரு மொழம் நெய்ஞ்சுட்டு இப்ப சொல்றியா? கண்ணு எங்க போச்சு உனக்கு? கல்யாணப் பொடவைல தலையில்லாத பறவை! கட்டிக்கப் போறவங்க பார்த்தா என்ன சொல்லுவாங்க? டிசைன் இங்க நல்லாத்தான் இருக்குது, நானே தொறந்து பார்த்துக்கினுதான் பேசறேன். உன் பெட்டிதான் கெட்டுப் போச்சு. நாளைக்குத் தூக்கிக்கினு வா. அடுத்த பாவு உனக்கு உண்டா இல்லியான்னு அப்புறம் சொல்றேன்.” பாவு நூல் தராவிட்டால் அவளுக்கு நெய்ய வேலை இல்லை.

ஃபைல் நன்றாக இருந்தது, நான் சரி செய்து வைத்ததால். நான் அழித்தது என் தப்பை மட்டும் அல்ல, அவள் சாட்சியையும். அவள் பென் டிரைவில் இருப்பதைக் காட்டினாலும் பெட்டிதான் கெடுத்தது என்பார்.

படி இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு படி. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை.

வீட்டில் ரங்கன்: “ரசத்துல உப்பே இல்ல, என்ன ஆச்சு உனக்கு?” தலைவலி என்றேன். கையில் எழுதிய நம்பரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மேகமூட்டம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

செல்வி பதினோரு மணிக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். ஷேர் ஆட்டோவில், ஜக்காடுப் பெட்டியைப் பழைய பாவாடையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. த.சார் என்னைக் கீழே கூப்பிட்டார்.

“மேடம், நீங்கதான் டெஸ்ட் ஆளு. இந்தப் பெட்டிய செக் பண்ணிச் சொல்லுங்க.”

என்னையே கேட்டார். கடவுள் இவ்வளவு நேராக வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை.

பெட்டியில் ஆபீஸ் டிசைன்களைப் போட்டுப் பார்த்தேன். அன்னம், தாமரை, மாங்காய், எல்லாம் ஒழுங்காக வந்தது. பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் பெட்டியை மாற்றுவார்கள், செல்வி தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். வாய் வரை வந்தது. ஆனால் புதுப் பெட்டியை அவள்தான் வாங்க வேண்டியிருக்கும்.

“பெட்டி நல்லா இருக்கு சார்.”

“அப்ப நீதான் எதையோ அழுத்தியிருக்க” என்று அவள் பக்கம் திரும்பினார்.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அழுத்தலைண்ணா. சொல்லிடறேன். அமாவாசை அன்னிக்கு சாயங்காலமே தறில உக்காந்துட்டேன். எங்க மாமியார் வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கல்யாணம் கிட்ட வந்துடுச்சே, நாலு விரக்கடை நெய்ஞ்சா நாலு விரக்கடை ஆச்சுன்னு உக்காந்தேன். ஒடம்பு மட்டும்தான் வருது, தலை மேல வரும்னு பார்த்துக்கினே நெய்ஞ்சேன். வரல. புது மாடலோன்னுகூட நெனைச்சேன். சாமி குத்தம்ணா. வூட்ல ரெண்டு நாளா யாரும் எங்கூட பேசல. எம் புள்ளைய எங்கிட்ட உட மாட்டேங்கறாங்க.”

த.சார் நெற்றியைத் தடவினார். அவரும் தறி வீட்டில் பிறந்தவர்தான். “அமாவாசைல உக்காந்தியா? ஏம்மா...” என்று குரலை இறக்கினார். கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. அவர் நம்பிவிட்டார்.

“நான்தான் சார்” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கன்டெய்னர், ஃபோல்டர், தலை வெட்டும் டெஸ்ட், பேக்கப், எல்லாம். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். நேற்று அவர் போனில் கத்தும்போது மேலே சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

த.சார் கத்தவில்லை. “திங்கக்கெழமை பேசலாம்” என்றார், என்னைப் பார்க்காமல். செல்வியிடம் “நெய்ஞ்சத பிரிச்சுடு, ஊடை நூலும் கூலியும் நான் பார்த்துக்கறேன்” என்றார்.

செல்வி கோபப்படவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப சாமி குத்தம் இல்லியாம்மா?”

மார்ச் 21, சனி

தூக்கமே இல்லை. திங்கட்கிழமைதான் நினைப்பு. ரங்கனிடம் காலையில் சொல்லிவிட்டேன். “வேற பார்த்துக்கலாம்” என்றார். எதை என்று சொல்லவில்லை. மோட்டார் ஆள் வந்தான், ஏதோ பார்ட் கிடைக்கவில்லையாம், போய்விட்டான்.

பத்து மணிக்கு ஸ்கூட்டியில் ஓரிக்கை. போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. பாலாற்றுப் பக்கம் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

ஒற்றை அறை வீடு, பின்னால் தறி. அரக்கு நிறப் புடவை. பார்டரில் வரிசையாக அன்னங்கள், கால், வயிறு, கழுத்து, அதற்கு மேல் வெறும் பட்டு. திரையில் பார்த்தபோது அது ஒரு தப்பு, அவ்வளவுதான். தறியில் பார்த்தபோது பார்க்க முடியவில்லை.

செல்வி ஊசி முனையால் குறுக்கே ஓடும் ஊடை நூலை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஐந்தாவது இழையிலேயே ஜரிகையை அறுத்துவிட்டேன். “நீங்க சுத்தி மட்டும் வைங்கம்மா” என்று ஒரு கட்டையைக் கொடுத்தாள். சுற்றினேன். அவள் பிரிக்க, நான் சுற்ற, ஒரு மணி நேரத்தில் ஒன்றரை அன்னம் போயிற்று.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார். முகம் காட்டவில்லை. பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும். பாத்திரத்தை இவ்வளவு பலமாக வைக்க வேண்டியதில்லை.

“சொல்லிட்டியா அவங்ககிட்ட?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“சொன்னேன். நம்பல. உன்னைக் காப்பாத்த ஆபீஸ்காரங்க எதுனா சொல்லுவாங்கன்னுட்டாங்க.” ஊசியைக் கீழே வைத்தாள். “நெஜமா நீங்கதானம்மா?”

“நான்தான்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதிக் கொடுப்பது என்றால் கையெழுத்து. அது யார் கைக்கும் போகும், த.சார் கைக்கும், நாளை வேலை கேட்டுப் போகும் இடத்துக்கும். இரண்டு நாளாக எதைக் கண்டு ஓடினேனோ அதையே காகிதத்தில் கேட்கிறாள். பேனா பையிலேயே இருந்தது. பிள்ளையின் நான்கு கோடு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள்.

எழுதினேன். தேதி. டிசைனைக் கெடுத்தது நான். கம்ப்யூட்டரில் நான் செய்த தப்பு. செல்வி தறியில் உட்கார்ந்த நாளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே வசுமதி ரங்கன் என்று முழுப் பெயரும் போட்டேன். எழுத்து கோட்டைத் தாண்டியது.

செல்வி தாளை வாங்கவில்லை.

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீங்களே படிங்க. உள்ள கேக்கற மாதிரி.”

எழுந்து நின்று படித்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தேன். கதவு ஒரு சாண் திறந்து, உள்ளிருந்து பிள்ளை ஓடி வந்து அவள் மடியில் விழுந்தது.