எஞ்சின் மேல் ஊற்றிய பீர்

எல் ஆல்ட்டோ

அன்பு மகள் யோவானாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், உன் தம்பிக்குத்தான் இந்தக் குளிரில் இருமல் விடவில்லை. சாவ் பாவ்லோவில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். தையல் கூடத்தில் கழுத்து வலிக்கிறது என்று அவளிடம் சொன்னாயாமே, நடுநடுவே எழுந்து நட.

நம் மினிபஸ் சரியாகிவிட்டது. சூடேறினால் ஏற்றத்தில் அணைந்து, ஆறியதும் ஒன்றும் அறியாததுபோல் கிளம்புமே, அதற்கு நான் ஃப்யூயல் பம்பை மாற்றினேன், ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், உன்னைத் திட்டினேன். பதினோரு மாதம் இப்படி அலைந்த பிறகு மெக்கானிக் இலாரியோன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, கேம்ஷாஃப்ட் சென்சார் என்றார். வால்வுகளைத் திறக்கும் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்லும் சின்ன உருப்படி, உனக்குத் தெரியாததா. புதிது போட்டும் அணைந்தது. பிறகு அதற்கு வரும் வயரைப் பிடித்து ஆட்டினார், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பட்டென்று நின்றது. இணைப்பைக் கழற்றினால் உள்ளே கம்பியெல்லாம் பச்சை பிடித்து ஒரே பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்துவிட்டு, "யோவ், இது பீருய்யா! எஞ்சினுக்கா குடிக்கக் குடுத்த?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் கார்னவல் செவ்வாயன்று வழக்கம்போல் வண்டிக்கு பீர் ஊற்றிப் பூசை போட்டபோது, "சக்கரத்துக்கு ஊத்துங்கப்பா, எஞ்சின் மேல வேணாம், வயரிங் இருக்கு" என்று நீ என் கையைப் பிடித்தாய். பூமித்தாய்க்குக் கொடுப்பதைத் தடுக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். "ரெண்டு வருசம் மெக்கானிக் படிப்பு படிச்சிட்டு எனக்கே பாடமா?" என்று தெருவே பார்க்கக் கத்தி முழுப் பாட்டிலையும் கவிழ்த்தேன். வண்டி நிற்கத் தொடங்கியதும், பூசையைக் கெடுத்தவள் என்று பழியை உன் தலையில் போட்டேன். அந்த வாரமே நீ பெட்டி கட்டினாய். சத்தத்தை வைத்தே வண்டியின் கோளாறைச் சொல்லும் பெண் நீ, இன்று யாருக்கோ பாக்கெட் தைக்கிறாய்.

இலாரியோன் புது இணைப்பு போட்டுக் கொடுத்த மறுநாளே, ஓட்டுநர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, என் மகள் சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக அம்மாவிடமும் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்தபடியே, "ஊருக்கெல்லாம் சொன்னீங்க, சரி. அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். அது மார்ச் மாதம். இன்று ஜூலை ஒன்பது. என்னை மன்னித்துவிடு, மகளே.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசும்போது, உனக்கு மனமிருந்தால், என்னிடமும் கொடுக்கச் சொல். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
சதுர்னினோ கயிசாயா