பால் பொங்கிய மூலை

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். வில்லியனூரிலிருந்து சூடு தடுக்கிற ஃபோம் ஷீட் வந்து இறங்கியது. நீல நிறம், பலகை மாதிரி கெட்டி. எல்லாம் கொல்லைக் கொட்டகைக்கு. தரைக்கு 2 இன்ச், சுவருக்கு 2, கூரைக்கடியில் 3. கதவுக்கு மிச்சத் துண்டு.

போன கோடையில் இதே ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் காளான் மொத்தமும் வெந்து அழுகியது. இந்தத் தடவையும் போனால் திரும்ப கம்பெனி ஷிஃப்டுக்கே போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். போக மாட்டேன். உள்ளே 28 டிகிரி தாண்டாமல் இருந்தால் போதும். தாண்டாது.

மே 6, செவ்வாய்

தரை வேலை. மேஸ்திரி ஏழுமலைக்கு நம்பிக்கை இல்லை.

"இன்னாம்மா, தெர்மாகோல் மேல காங்கிரீட்டா? நொறுங்கிப் பூடும்."

ஷீட் மேல் ஏறி நாலு குதி குதித்தேன். குழிகூட விழவில்லை. அவரும் குதித்துப் பார்த்தார். அப்புறம் கலவை போடப் போனார். மேலே பாலிதீன், அதன் மேல் கான்கிரீட்.

வாங்க வேண்டியது: டேப், ஸ்க்ரூ, கோழி வலை.

மே 10, சனி

சுவர், கூரை, கதவு முடிந்தன. உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு வெளிச்சம் எங்கே வருகிறதென்று பார்த்தேன். மூன்று இடம். மூன்றுக்கும் டேப். ஃபோம் மேல் வலை அடித்துச் சிமெண்ட் பூசியதில் கிழக்குச் சுவர் மட்டும் பாக்கி. அரியூர் தங்கச்சி வீட்டுப் பழைய ஏசி மாட்டியாயிற்று. எனக்கே என் மேல் ஒரு இது.

மே 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து, காளான் விதை வாங்கிக்கொண்டு வந்தால் கொல்லையில் கருகல் நாற்றம். அத்தை புது அறைக்குள் மூன்று செங்கல் வைத்துப் பால் காய்ச்சியிருக்கிறார். அதுவும் பூசாத கிழக்கு மூலையில். தட்டு அகலத்துக்கு ஃபோம் உருகி, ஓரமெல்லாம் கறுப்பு. நல்லவேளை, வீட்டுக்காரர் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"சாமியார் வந்து மந்திரிச்சாலும் பால் பொங்காம நாம எந்த வூட்லடி பூந்திருக்கோம்?"

"பத்திக்கினு இருந்தா உள்ளயே மாட்டிக்கினு இருப்பீங்க அத்த!"

மாமியாரிடம் இப்படிக் கத்தியதே இல்லை. பயம்தான். பூசாத ஃபோம் பக்கம் நெருப்பே கூடாதென்று பீடி பிடிக்கிற ஏழுமலையிடம் சொன்னேன். அத்தையிடம் சொல்லவில்லை. என் தப்பு. ஆனால் பால் நன்றாகத்தான் பொங்கியிருந்தது.

மே 12, திங்கள்

கருகியதைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே அளவுத் துண்டு வைத்து, வலை அடித்து, பூசியாயிற்று. ஒட்டே தெரியவில்லை. அத்தை என்னோடு பேசவில்லை. குழம்பில் மட்டும் உப்பு தூக்கல்.

மே 15, வியாழன்

காளான் விதை போட்ட வைக்கோல் பைகள் தொங்குகின்றன. 24 டிகிரி. குழம்பில் உப்பு இன்னும் தூக்கல்தான்.

மே 20, செவ்வாய்

லைன் வேலையாம். 9 முதல் 5 வரை கரண்ட் இல்லை. ஏசி நின்றது. உள்ளே 24. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்தத் தடவை அத்தையிடமும்.

மணி 11. அத்தை கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் சின்ன வெங்காயம்.

மணி 1. வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர், "ஒரு தபா பாத்துட்டு சாத்திடறேம்மா" என்றார். "போடா அப்பால."

மணி 3. அனல். என்னால் முடியவில்லை. இவ்வளவு பேசியவளுக்கே உள்ளே 28 தாண்டிவிட்டதோ என்று சந்தேகம். போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன்.

"கைய எட்றி. நீதான தெறக்கக் கூடாதுன்ன? உனக்குத் தெரியாததா? உக்காரு."

ஒன்பது நாள் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு. உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வெங்காயம் உரித்தோம். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று நினைத்திருப்பார்.

மணி 5.10. கரண்ட் வந்தது. அத்தையே நாற்காலியை நகர்த்தினார்.

27.